எங்கட இடக்கையனுக்கு எவ்வளவு சம்பளம்?

எங்கள் அறையில் நாலு பேருக்கும் ஊர்தான் பெயர். மன்னார், மூதூர், ஹற்றன், நெல்லியடி. கம்பஸுக்கு வந்த முதல் மாதம் சீனியர்மார் வைத்த பெயர்கள் அப்படியே ஒட்டிக்கொண்டுவிட்டன. இப்ப மூன்றாம் வருடம். வீட்டிலிருந்து அம்மாமார் அழைப்பு எடுத்தால்கூட "மன்னார் குளிக்கப் போயிட்டான் அன்ரி" என்றுதான் வாயில் வருகிறது. இந்தக் கட்டுரையில் 'நாங்கள்' என்று வருவது சில இடத்தில் நாலு பேர், சில இடத்தில் மூன்று பேர். ஏன் அப்படி என்பது போகப்போக விளங்கும்.

நாங்கள் ஒரு பேஸ்போல் கழகம் நடத்துகிறோம். மைதானத்தில் இல்லை, மூதூரின் பழைய லப்டொப்பில். பந்தை அடிக்கிற, எறிகிற வேலை எங்களுக்கு இல்லை. கழகத்தின் முகாமையாளர் நாங்கள். யாரை எடுப்பது, யாரை விடுவது, யாருக்கு எவ்வளவு சம்பளம் என்று முடிவெடுத்துவிட்டு ஒரு பொத்தானை அமர்த்தினால் கணினி ஆட்டத்தை நடத்தி முடித்து ஸ்கோரைத் தரும். வீரர்கள் எல்லாரும் கணினி பெற்ற பிள்ளைகள். அவர்களுக்கு வயதிருக்கிறது, ஊரிருக்கிறது, முழங்கை நோவும் இருக்கிறது. சட்டதிட்டங்கள் மட்டும் அமெரிக்காவின் மேஜர் லீக்கில் இருப்பவை.

தொடங்கியது கல்விசாரா ஊழியர்களின் வேலைநிறுத்தம் ஒன்றின்போது. விரிவுரை இல்லை, நூலகம் பூட்டு. வீட்டுக்குப் போனால் பஸ் காசு, நின்றால் சாப்பாட்டுக் காசு. நின்றோம். கிரிக்கெட் விளையாட்டு ஒன்றும் லப்டொப்பில் இருந்தது. ஆனால் கிரிக்கெட் என்றால் நாலு பேருக்கும் எட்டுக் கருத்து, கடைசியில் சண்டை. பேஸ்போல் ஒருத்தருக்கும் தெரியாது. அதனால் எல்லாரும் ஒரே கோட்டில் நின்று தொடங்கலாம். பள்ளிக்கூடத்தில் எல்லே விளையாடியவர்களுக்குப் பாதி தானாகவே விளங்கும்: அடித்துவிட்டு ஓட வேணும், தரிப்பிடங்களைத் தொட வேணும், சுற்றி வந்து சேர்ந்தால் ஒரு ஓட்டம். மீதிப் பாதியை மூன்று கிழமையில் படித்துவிட்டோம். சம்பளத்துக்காக நடந்த வேலைநிறுத்தத்தில் தொடங்கிய விளையாட்டு, கடைசியில் சம்பளத்திலேயே வந்து முட்டும் என்று அப்ப நினைக்கவில்லை.

முட்டியது சம்பள நடுத்தீர்ப்பில்.

அதை விளங்கப்படுத்த வேணும். மேஜர் லீக்கில் ஒரு வீரர் நுழைந்தால் முதல் மூன்று வருடம் கழகம் கொடுப்பதுதான் சம்பளம். பெரும்பாலும் அது ஆகக்குறைந்த சம்பளத்தை ஒட்டித்தான் இருக்கும். 2025 இல் அது 760,000 டொலர். எங்களுக்கு அது பெரிய காசுதான், ஆனால் அந்த உலகத்தில் அடிமட்டம். "வேறு கழகத்துக்குப் போறன்" என்று சொல்லவும் ஏலாது. ஆறு வருடம் முடிந்தால்தான் அவர் சுதந்திர வீரர், விரும்பிய இடத்தில் விரும்பிய விலை கேட்கலாம். மூன்றுக்கும் ஆறுக்கும் இடைப்பட்ட காலம்தான் நடுத்தீர்ப்புக் காலம். இந்த 'வருடம்' என்ற கணக்கிலும் கழகங்கள் விளையாடும். 172 நாள் அணியில் இருந்தால்தான் ஒரு வருடம் என்று எழுதப்படும். 2015 இல் சிகாகோ கப்ஸ் கழகம் கிரிஸ் பிரையன்ட் என்ற இளம் வீரரைப் பருவம் தொடங்கிச் சில நாட்கள் கழித்துத்தான் அணிக்குள் எடுத்தது. அவருக்கு அந்த வருடம் கிடைத்தது 171 நாள். ஒரே ஒரு நாள் குறைவு. அந்த ஒரு நாளால் அவருடைய சுதந்திரம் ஒரு முழு வருடம் தள்ளிப்போனது. முறைப்பாடு செய்தார். 2020 இல் தோற்றார்.

நடுத்தீர்ப்பு எப்படி நடக்கிறது? வீரர் ஒரு தொகை எழுதிக் கொடுப்பார், கழகம் ஒரு தொகை எழுதிக் கொடுக்கும். ஒத்து வராவிட்டால் மூன்று நடுவர்களுக்கு முன்னால் விசாரணை. எங்கட ஊர் மத்தியஸ்த சபைக்கு ஒரு பிணக்கோடு போனால் இந்தப் பக்கத்தைக் கொஞ்சம் இறக்கி, அந்தப் பக்கத்தைக் கொஞ்சம் ஏற்றி, நடுவில் எங்கையாவது முடித்துவைப்பார்கள். இங்கே அது நடக்காது. நடுவர்கள் இரண்டு தொகையில் ஒன்றைத்தான் எடுக்க வேண்டும். இடையில் ஒரு சதம்கூட வைக்க அனுமதி இல்லை.

முதல் வருடம் எங்கள் கழகத்தில் மூன்று பேர் இந்தக் கட்டத்துக்கு வந்தார்கள். மூன்றிலும் எங்களுக்கு அதிர்ச்சி.

முதல் ஆள் எங்கட இடக்கையன். இடது கையால் பந்தெறிகிற பிட்சர், நாங்கள் பத்தொன்பது வயதில் எடுத்து வளர்த்தவன். கணினி அவனுக்கு நீளமான ஒரு ஸ்பானியப் பெயர் வைத்திருந்தது. யாருக்கும் வாயில் நுழையாததால் இடக்கையன் ஆக்கினோம். அவன் 4.6 மில்லியன் கேட்டான். நாங்கள் 3.1 எழுதினோம். எங்கட பிள்ளைதானே, கொஞ்சம் குறைத்துப் பார்ப்போம் என்ற எண்ணம். தீர்ப்பு வந்த இரவு ஒரு மணி இருக்கும். திரையில் 4.6 என்று வந்ததும் மன்னார் கத்தின கத்தலில் பக்கத்து அறைப் பெடியள் எழும்பி வந்திட்டாங்கள்.

ஏன் தோற்றோம் என்று இரண்டு நாள் இருந்து கணக்குப் பார்த்தோம். அவனைப் போன்ற மற்றப் பிட்சர்களின் சம்பளத்தைத் தேடினால் ஏறக்குறைய 4 மில்லியன் வந்தது. இப்ப பாருங்கோ. 3.1 க்கும் 4.6 க்கும் நடுப்புள்ளி 3.85. நடுவர் தனக்குள் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: இவனுடைய பெறுமதி இந்த நடுப்புள்ளிக்கு மேலேயா, கீழேயா? 4 என்பது மேலே. அதனால் அவன் கேட்டது முழுதும் அவனுக்கு. நாங்கள் 3.5 எழுதியிருந்தால் நடுப்புள்ளி 4.05 ஆகியிருக்கும். அதே 4 கீழே விழுந்திருக்கும், நாங்கள் வென்றிருப்போம். 0.4 மிச்சம் பிடிக்கப் போய் 1.1 கூடக் கொடுத்தோம். மலிவாய் முடிப்போம் என்று எழுதின தொகைதான் எதிராளியின் தொகையை நியாயமாக்கிக் கொடுத்தது.

இரண்டாவது ஆள், கடைசி இன்னிங்ஸில் வந்து ஆட்டத்தை முடித்துக் கொடுக்கிற பிட்சர். அப்படி முன்னிலையைக் காப்பாற்றி முடித்தால் அவனுடைய கணக்கில் 'சேவ்' ஒன்று ஏறும். உண்மையில் அவனைவிட நல்லவன் ஏழாம் எட்டாம் இன்னிங்ஸில் எறிகிற இன்னொருத்தன். கஷ்டமான நேரமெல்லாம் அவன்தான் தாங்குவான். ஆனால் அந்த இடத்துக்கு எண்ணிக் காட்ட ஒரு பெயர்பெற்ற கணக்கு இல்லை. முடிக்கிறவனுக்குக் கேட்டது கிடைத்தது. தாங்குகிறவனின் முறை அடுத்த வருடம் வந்தபோது கிடைத்தது அதில் பாதி.

இது கணினியின் பிழை என்று நினைத்தோம். இல்லை. 2017 இல் நியூயோர்க் யாங்கீஸ் கழகத்தின் டெலின் பெட்டான்சஸ் 5 மில்லியன் கேட்டார், கழகம் 3 எழுதியது. அதற்கு முந்திய மூன்று வருடமும் ஓல்-ஸ்டார் ஆட்டத்துக்குத் தெரிவானவர் அவர். ஆனால் ஆட்டத்தை முடிக்கிற இடம் அவருடையது இல்லை, அதற்கு முந்தின இடம்தான். நடுவர்கள் 3 ஐ எடுத்தார்கள். வென்ற பிறகு கழகத்தின் தலைவர் ஊடகங்களுக்கு முன்னால் அந்த 5 மில்லியன் கோரிக்கையைக் கிண்டலடிக்கவும் செய்தார்.

மூன்றாவது ஆள், இரண்டாம் மூன்றாம் தளங்களுக்கிடையே நிற்கிற தடுப்பாளன். பந்து அவனைத் தாண்டிப் போவதே அபூர்வம். ஆனால் துடுப்பு சரியில்லை. வருடத்துக்கு நாலு ஹோம் ரன். அவனில் நாங்கள் வென்றோம். வென்றது எங்களுக்கே வெட்கமாக இருந்தது, ஏனென்றால் அவன் இல்லாவிட்டால் இடக்கையன் எறிந்த பந்தில் பாதி ஓட்டமாகியிருக்கும். ஹோம் ரன் அடிப்பவன் எண்ணிக் காட்டலாம். பிலடெல்பியாவின் ரையன் ஹவார்ட் 2006 இல் 58, 2007 இல் 47 அடித்துவிட்டு, 2008 இல் முதன்முறையாக நடுத்தீர்ப்புக்குப் போனார். கழகம் 7 மில்லியன் எழுத, அவர் கேட்ட 10 மில்லியன் அவருக்கே கிடைத்தது. போகாத பந்தை எப்படி எண்ணுவது?

இதற்கெல்லாம் காரணம் நடுவர்கள் முட்டாள்கள் என்பது இல்லை. அவர்கள் பேஸ்போல் ஆட்கள் இல்லை, தொழில் பிணக்குகளைத் தீர்ப்பவர்கள். ஒரு பக்கத்துக்கு ஒரு மணித்தியாலம், பிறகு பதில் சொல்ல அரை மணித்தியாலம். அந்த நேரத்துக்குள் சொல்லி விளங்கப்படுத்தக்கூடியது எதுவோ அதுதான் பெறுமதி. எதைப் பேசலாம் என்பதற்கும் விதி இருக்கிறது. வீரரின் போன வருட ஆட்டம், எத்தனை வருடமாகத் தொடர்ந்து ஆடுகிறார், பழைய சம்பளம், ஒத்த வீரர்களின் சம்பளம், உடல் உள்ளக் குறைபாடு, கழகம் வென்றதா தோற்றதா, இவை பேசலாம். கழகத்திடம் எவ்வளவு காசிருக்கிறது என்று பேசக்கூடாது. தீர்ப்புக்குக் காரணம் சொல்கிற வழக்கமும் இல்லை. ஒரு தொகை வரும், அவ்வளவுதான்.

ஆனாலும் இது ஒரு காலத்தில் பெரிய வெற்றி. அதற்கு முன்னர் ஒரு வீரர் கழகத்தின் சொத்து மாதிரி. கேர்ட் ஃப்ளட் என்ற வீரர் 1969 இல் தன்னை வேறு கழகத்துக்கு மாற்றியதை ஏற்க மறுத்து வழக்காடி, 1972 இல் உச்ச நீதிமன்றத்தில் தோற்றார். வீரர்களின் தொழிற்சங்கம் பேசிப் பேசி எடுத்ததுதான் இந்த நடுத்தீர்ப்பு. 1974 இல் முதல் விசாரணைகள் நடந்தபோது மினசோட்டாவின் டிக் வூட்சன் கழகம் எழுதின 23,000 க்கு எதிராக 29,000 டொலர் கேட்டு வென்றார். வெறும் 6,000 டொலர் வித்தியாசம். ஆனால் முதன்முதலாக ஒரு வீரர் எழுதின தொகை கழகம் எழுதின தொகைக்குப் பக்கத்தில் சமனாக வைக்கப்பட்டது.

இதையெல்லாம் வாசித்த உசாரில்தான் இரண்டாம் வருடம் அந்த வேலையைச் செய்தோம்.

அந்தப் பருவம் இடக்கையன் பாதியில் விழுந்துவிட்டான். முழங்கை. நாங்கள் இறுதிச் சுற்றுக்கும் போகவில்லை. திரும்ப நடுத்தீர்ப்பு வந்தது. போன வருடச் சம்பளத்தில் 20 சதவீதத்துக்கு மேல் குறைத்து எழுத ஏலாது என்று விதி. அதனால் 3.68 தான் அடிமட்டம். "இந்த முறை கணினியிட்ட விடுறேல்ல. நாங்களே விசாரணை வைப்பம்" என்றான் நெல்லியடி. சம்பளத்தைக் கையால் மாற்றும் வசதி விளையாட்டில் இருந்தது.

பக்கத்து அறையிலிருந்து மூன்று நடுவர்களைப் பிடித்தோம். ஒருத்தன் நாடகமும் அரங்கியலும், ஒருத்தன் புவியியல், ஒருத்தன் இந்து நாகரிகம். மூன்று பேருக்கும் பேஸ்போல் தெரியாது, அது இன்னும் நல்லது. கூலி ஆளுக்கொரு கொத்து. ஒரு பக்கத்துக்குப் பத்து நிமிடம். கழகத்துக்காக மன்னார், மூதூர், நெல்லியடி மூன்று பேரும். வீரனுக்காகக் கதைக்க ஒருத்தரும் முன்வரவில்லை. "சரி, நான் பேசுறேன்" என்றான் ஹற்றன். இங்கிருந்துதான் 'நாங்கள்' மூன்று பேர்.

நாங்கள் 4 எழுதினோம். போன முறை படித்த பாடம், மிகவும் குறைக்கவில்லை. ஹற்றன் 5.8 எழுதினான்.

நாங்கள் நன்றாகத் தயார்படுத்தியிருந்தோம். பவர்பொயின்ட் கூட இருந்தது. எத்தனை ஆட்டம் ஆடவில்லை, காயத்துக்கு முந்தின மாதம் எத்தனை ஓட்டம் கொடுத்தான், முக்கியமான ஆட்டங்களில் எப்படிச் சொதப்பினான். கடைசிப் படத்தில் பெரிய எழுத்தில் போட்டோம்: 'இவர் இல்லாததால் நாங்கள் இறுதிச் சுற்றுக்குப் போகவில்லை.' நாடகக்காரன் தலையாட்டினான். நாங்கள் வென்றுவிட்டோம் என்று அப்பவே தெரிந்தது.

ஹற்றனிடம் பவர்பொயின்ட் இல்லை. கொப்பித் தாள் ஒன்று. விளையாட்டில் ஒவ்வொரு ஆட்டத்தின் பதிவும் கிடக்கும், நாங்கள் ஒருநாளும் திறந்து பார்த்ததில்லை. அவன் திறந்து பார்த்திருக்கிறான். "காயத்துக்கு முந்தின ஒன்பது ஆட்டத்துல ஆறுல 110 பந்துக்கு மேல போட வச்சிருக்கீங்க. ஒருக்கா 127. அவன் களைச்சுப் போனான்னு சிவப்பு அடையாளம் வந்திருக்கு. அப்பவும் எடுக்கல. அன்னைக்கு யாரு லப்டொப்புல இருந்ததுன்னு நான் கேக்கல. அவன் கை போனதுக்கு அவன் சம்பளத்தக் கொறைக்கிறது எப்படி சரி?" அவ்வளவுதான். நாலு நிமிடத்தில் முடித்துவிட்டான்.

நடுவர்கள் வெளியே போய் ஐந்து நிமிடத்தில் திரும்பி வந்தார்கள். இரண்டுக்கு ஒன்று. எங்கட 4 மில்லியன். காரணம் சொல்லவில்லை. கொத்துக்குப் போய்விட்டார்கள்.

வென்றால் கத்துவோம் என்று நினைத்திருந்தோம். ஒருத்தரும் கத்தவில்லை. மூதூர்தான் மெல்லக் கேட்டான், "என்ன மச்சான், கோவமா?"

ஹற்றன் இல்லை என்று தலையாட்டினான். பிறகு சொன்னதை அவனிடம் கேட்டுத்தான் எழுதுகிறோம்.

"கோவம் இல்லடா. நீங்க பேசினது எனக்குப் பழகின பேச்சு. எங்க அம்மா காலையில ஏழரைக்கு மலையில நிப்பாங்க. எங்க தோட்டத்துல ஒரு நாளைக்கு 18 கிலோ கொழுந்து எடுக்கணும். எடுக்கலன்னா அரைப் பேரு. பாதி நாளு சம்பளம். மழை இல்லன்னா கொழுந்து கொறையும். உரம் போடலன்னா கொறையும். மலையில காடு வளந்திருந்தா கொறையும். அது ஒண்ணும் அம்மா கையில இல்ல. ஆனா தராசுல நிறுக்கிறது அம்மா கூடைய மட்டும்தான். மலைக்கு போனது முழு நாளு, பேரு மட்டும் அரை."

2021 மார்ச் மாதம் சம்பள நிர்ணய சபை ஊடாக 1000 ரூபா நாட்சம்பளம் வந்ததை நாங்கள் எல்லாரும் செய்தியில் பார்த்தோம். 'ஆயிரம் ரூபா கிடைத்துவிட்டது' என்று நாங்கள் அந்தக் கதையை அங்கேயே முடித்துவிட்டோம். அதே வருடம் மே மாதம் இரசாயன உர இறக்குமதியை அரசாங்கம் தடை செய்தது. இரண்டும் எங்கட ஞாபகத்தில் இரண்டு வேறு செய்தி. ஹற்றன் வீட்டில் அது ஒரே சம்பளச் சீட்டு. "சம்பளம் கூடிச்சு. கொழுந்து கொறஞ்சிச்சு. கிலோ மட்டும் அப்படியே இருந்திச்சு. அந்த வருஷம் எனக்கு ஏ.எல். டியூஷன் காசு கேக்கப் போறப்பெல்லாம், இந்த மாசம் எத்தன அரைப் பேருன்னு எண்ணிட்டுத்தான் கேப்பேன்."

கோடீஸ்வர வீரர்களையும் கொழுந்து எடுக்கிற ஒரு அம்மாவையும் ஒரே தராசில் வைக்க நாங்கள் வரவில்லை. ஹற்றனே அதைச் சொன்னான்: "இடக்கையனுக்கு தொகை எழுதுறதுக்கு ஒரு தாளு இருக்கு. அவனுக்காகப் பேச நாலு நிமிஷம் ஒருத்தன் இருந்தான். எங்க அம்மாகிட்ட எவ்வளவு வேணும்னு இதுவரைக்கும் யாரும் கேட்டதில்ல. அம்மா தொகை எழுதினா அதுவே பெரிய அதிர்ச்சியா இருக்கும்."

அன்றைக்குப் பிறகு கோர்பின் பேர்ன்ஸ் பற்றி வாசித்தோம். 2021 இல் தன்னுடைய லீக்கின் சிறந்த பிட்சருக்கான சை யங் விருது வாங்கியவர். 2023 இல் மில்வோக்கி கழகத்தோடு நடுத்தீர்ப்புக்குப் போனார். அவர் கேட்டது 10.75 மில்லியன், கழகம் எழுதியது 10.01. கழகம் வென்றது. மிச்சம் பிடித்தது 740,000 டொலர். வெளியே வந்து அவர் வருத்தப்பட்டது காசைப் பற்றி இல்லை. முந்தின பருவம் அணி இறுதிச் சுற்றுக்குப் போகாததற்குத் தன்னைக் காரணமாகக் காட்டினார்கள் என்றுதான். வாசித்தபோது எங்கட கடைசிப் படம் கண்ணுக்கு முன்னால் வந்தது. நாங்களும் அதே வசனத்தைத்தான் எழுதியிருந்தோம். அதுவும் ஒருத்தரிடமும் கேட்காமல், ஒன்றையும் வாசிக்காமல், எங்கட சொந்த மூளையால். ஒரு ஆளின் விலையைக் குறைக்க வேண்டுமென்றால் என்ன சொல்ல வேண்டும் என்று எங்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. அது ஏற்கெனவே தெரிந்திருந்தது.

அதற்கடுத்த பெப்ரவரியில் மில்வோக்கி பேர்ன்ஸை பல்ட்டிமோருக்கு மாற்றியது. எங்கட இடக்கையனும் ஆறு வருடம் முடிந்த நாளே சுதந்திர வீரனாகிப் போய்விட்டான். நாங்கள் நல்ல தொகை எழுதித்தான் பார்த்தோம். வரவில்லை. கணினிக்கு மனம் இல்லை, அது வெறும் கணக்கு என்று மன்னார் இன்னும் சொல்கிறான். இருக்கலாம்.

நடுத்தீர்ப்பில் வருகிற அதிர்ச்சி என்று நாங்கள் சொன்னதெல்லாம் முகாமையாளரின் கதிரையில் இருந்து பார்த்தால் வருகிற அதிர்ச்சிதான். கதிரை மாறினால் அதிர்ச்சியும் மாறும். எண்ணக்கூடியதை மட்டும் எண்ணுவார்கள் என்பது தாங்குகிறவனுக்கும் தடுப்பாளனுக்கும் புதினமே இல்லை. அவர்களுடைய கை நோவு அவர்களுடைய பிழையாக எழுதப்படும் என்பது ஹற்றனுக்குப் புதினம் இல்லை. ஒரே அறையில், ஒரே சட்டியில் சாப்பிட்டு, மூன்று வருடம் அவனோடு இருந்த எங்களுக்குத்தான் அது புதிது. அதுதான் இதில் உண்மையான அதிர்ச்சி.

இப்ப எங்கட கழகத்தில் இரண்டு புது விதி இருக்கிறது. ஒன்று, எந்தப் பிட்சரும் 100 பந்தைத் தாண்டக்கூடாது. ஆட்டம் போனாலும் பரவாயில்லை. மற்றது, ஒவ்வொரு வருடமும் விசாரணையில் வீரனுக்காகக் கதைப்பது முறை வைத்து. போன முறை மன்னாரின் முறை. அந்த நாலு ஹோம் ரன் தடுப்பாளனுக்காக. இரவிரவாக இருந்து, தாண்டிப் போகாத பந்துகளை ஒவ்வொரு ஆட்டப் பதிவாகத் திறந்து எண்ணினான். கொப்பித் தாள் பதினொன்று. கழகத்தின் பக்கம் ஹற்றன். பவர்பொயின்ட்டோடு வந்து, இரக்கமே இல்லாமல் கதைத்தான்.

மன்னார் தோற்றுவிட்டான். இரண்டு நாள் ஹற்றனோடு கதைக்கவில்லை. மூன்றாம் நாள் காலையில் பதினொரு தாளையும் மடித்து லப்டொப்புக்குக் கீழே வைத்துவிட்டு, "அடுத்த வருஷமும் நான்தான் அவனுக்குக் கதைப்பன்" என்றான்.